உஷார்! உங்கள் இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளை எதை வைத்து முறுக்கினார்கள்?

சமீபத்தில் உங்கள் காருக்குக் கிளட்ச் பிளேட் மாற்றினீர்களா? டைமிங் பெல்ட்? கியர்பாக்ஸ் வேலை ஏதாவது? ஆம் என்றால் முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் சாவியை எடுங்கள். அந்த வேலைக்கு நடுவே, இன்ஜினைக் காரின் உடலோடு பிடித்துக்கொண்டிருக்கும் மவுண்டிங் போல்ட்டுகளை அநேகமாகக் கழற்றியிருப்பார்கள். முன் வீல் டிரைவ் கார்களில் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமென்றால் அந்தப் பக்க மவுண்டிங்கை விடுவித்தே ஆக வேண்டும். பல கார்களில் டைமிங் பெல்ட்டை வெளியே எடுக்க வலது பக்க மவுண்டிங் குறுக்கே நிற்கும். பில்லில் கிளட்ச் செட் இருக்கும், பேரிங் இருக்கும், கியர் ஆயில் இருக்கும், கூலி இருக்கும். மவுண்டிங் போல்ட்டுக்கு ஒரு வரிகூட இருக்காது. அதைத் திரும்ப எவ்வளவு முறுக்கினார்கள் என்பது முறுக்கியவருக்கு மட்டும்தான் தெரியும். பல இடங்களில் அவருக்கும் தெரியாது.

கேட்டுப் பாருங்கள். "கைக்கணக்குதான் சார், இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒண்ணும் ஆனதில்ல" என்பார். அந்தக் கைமேல் எனக்கு மரியாதை உண்டு. சத்தத்தை வைத்தே எந்த இன்ஜெக்டர் கெட்டிருக்கிறது என்று சொல்பவர்கள் நம் ஊர் மெக்கானிக்குகள். ஆனால் ஒரு போல்ட்டுக்குள் எத்தனை டன் இழுப்பு ஏறியிருக்கிறது என்பதைக் கையால் உணர முடியாது. அனுபவம் இந்த ஒரு இடத்தில் மட்டும் கைகொடுக்காது.

முதலில் அந்த போல்ட்டுகள் எதைச் சுமக்கின்றன என்று பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த எடையை மூன்று அல்லது நான்கு மவுண்டிங்குகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எடை சின்ன விஷயம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்று நிமிடத்துக்கு 1,600 உதறல், மணிக்கு 96,000. இன்று சின்னக் கார்களில் அதிகம் வரும் மூன்று சிலிண்டர் இன்ஜினில் எண்ணிக்கை குறைவு, ஆனால் இயல்பிலேயே ஆட்டம் கூடுதல்.

அதைவிடப் பெரியது, வண்டியை நகர்த்தும்போது வரும் எதிர்வினை. 110 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் விகிதம் 4 என்றால் ஆக்ஸிலுக்குப் போவது 1,540 நியூட்டன் மீட்டர். முன் வீல் டிரைவ் காரில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருப்பதால், அந்த முழு 1,540-ம் எதிர்த்திசையில் இன்ஜினைப் புரட்டப் பார்க்கும். புரளாமல் பிடிப்பது மவுண்டிங்குகளும், கீழே இருக்கும் டார்க் ராடும். சுழலும் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி டார்க் ராடு இருந்தால் அதன் ஒற்றை போல்ட்டில் 300 கிலோவுக்கு மேல் இழுப்பு. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் கிளட்சை விடும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது.

இவ்வளவையும் போல்ட்டு எப்படித் தாங்குகிறது? மரை பிடித்துக்கொண்டிருப்பதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட்டு ஒரு ஸ்பிரிங். முறுக்க முறுக்க அது நீளுகிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு உலோகங்களையும் ஒன்றோடு ஒன்று நசுக்கி, நகரவிடாமல் வைக்கிறது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள, தலையில் 8.8 என்று பொறித்த ஒரு போல்ட்டை 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் அதற்குள் ஏறும் இழுப்பு ஏறத்தாழ மூன்றரை டன். அதற்காக அது எவ்வளவு நீளுகிறது தெரியுமா? இறுக்கிய பகுதி 50 மில்லிமீட்டர் என்றால், நீட்சி 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளின் கனம். இன்ஜினின் பிடிப்பு முழுக்க அந்தத் தாள் கன நீட்சியை நம்பியிருக்கிறது.

இப்போது பழைய மவுண்டிங்கைக் கழற்றிய இடத்தைத் துடைக்காமல் புதியதை உட்கார வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துரு, மண், பெயிண்ட் படலம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இடையில் மாட்டிக்கொள்ளும். நாலு நாள் ஓட்டத்தில் அந்தப் படலம் 0.05 மில்லிமீட்டர் நசுங்கினால் போதும், போல்ட்டுக்குள் இருந்த இழுப்பில் பாதி போய்விட்டது. போல்ட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது. வெளியே பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

பிடிப்பு குறைந்ததும் உலோகங்கள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத நகர்வுதான். ஆனால் போல்ட்டைக் கழற்றுவதில் இதை மிஞ்சிய எதிரி இல்லை என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். பக்கவாட்டு அதிர்வில் போல்ட்டு தானாகவே சுழன்று கழன்றுகொள்ளும். அதே முறையில் நடந்த சோதனைகளில், நாம் கண்ணை மூடி நம்பும் ஸ்பிரிங் வாஷர் இப்படிக் கழல்வதைத் தடுக்காது என்பதும் தெரிந்துபோனது. எனவே "ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கேன், கழலாது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பிடிப்பு சரியாக இருந்தால் வாஷர் தேவையில்லை. பிடிப்பு இல்லையென்றால் வாஷரால் காப்பாற்ற முடியாது.

சரி, அப்படியென்றால் நன்றாக இறுக்கிவிட்டால் தொல்லை விட்டதா? இங்கேதான் இன்னொரு பள்ளம். 30 சென்டிமீட்டர் நீள ரிங் ஸ்பேனரின் முனையில் 20 கிலோ அளவுக்கு இழுத்தால் கிட்டத்தட்ட 59 நியூட்டன் மீட்டர். அதே ஸ்பேனரில் ஒரு ஜிஐ பைப்பைச் சொருகி 60 சென்டிமீட்டர் ஆக்கினால், அதே இழுப்புக்கு 118. கைக்கு வித்தியாசமே தெரியாது. ஏர் கன்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீல் நட்டு கழற்றும் சாதாரண அரை இஞ்ச் கன்கூட சில நூறு நியூட்டன் மீட்டரை நொடிகளில் போல்ட்டுக்குள் அடித்து ஏற்றும்.

போல்ட்டின் தலையில் உள்ள எண்ணுக்கு அர்த்தம் உண்டு. 8.8 என்றால் அறுந்துபோகும் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன்; அதில் 80 சதவிகிதத்தைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான், திரும்பச் சுருங்காது. 10.9 என்றால் 1,000-ம் 90 சதவிகிதமும். அந்த எல்லையைத் தாண்டிய போல்ட்டு அன்றைக்கே அறுந்துவிட்டால் நல்லது, ஒர்க்‌ஷாப்பிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் அறுவதில்லை. இளைத்துப்போய், வெளியே பளபளவென்று, உங்கள் வண்டியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்த மணிக்கு 96,000 உதறலில் ஏதோ ஒரு நாள் விரிசல் முற்றி அறும்.

மவுண்டிங் பிராக்கெட்டும் கியர்பாக்ஸ் கூடும் அலுமினியம் என்றால் கதை வேறு. இரும்பு போல்ட்டு தாங்கிக்கொள்ளும், அலுமினிய மரை உரிந்து வரும். போல்ட்டைத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. அதற்கு மருந்து, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போட்டு மரையைப் புதிதாக எடுப்பது. அதைச் செய்யாமல் டெஃப்லான் டேப்பைச் சுற்றியோ, கொஞ்சம் பெரிய போல்ட்டை வைத்து அடித்து ஏற்றியோ வண்டியைக் கொடுத்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். இது வேலை அல்ல, துரோகம்.

எண்ணெய் விஷயம் ஒன்று. முறுக்கும் விசையில் ஏறத்தாழ பாதி போல்ட்டுத் தலைக்கு அடியில் உராய்விலேயே போய்விடும். 40 சதவிகிதம் மரையின் உராய்வில். போல்ட்டை உண்மையில் நீட்டுவது மிச்சமுள்ள 10 சதவிகிதம்தான். அதனால் உராய்வில் ஏற்படும் சின்ன மாற்றமும் கணக்கைத் தலைகீழாக்கும். உலர்ந்த மரைக்குக் கொடுத்த டார்க் அளவை, ஆயிலோ கிரீஸோ தடவிய மரையில் போட்டால் போல்ட்டுக்குள் இழுப்பு எகிறிவிடும். துருப்பிடித்த மரையில் போட்டால் ஸ்பேனர் இறுகியதாகக் காட்டும், உள்ளே பிடிப்பு இருக்காது. மேனுவலில் எண்ணெய் தடவச் சொல்லாத இடத்தில் தடவக்கூடாது. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் முறுக்கவும் கூடாது.

இப்போது நான் பார்த்ததிலேயே எரிச்சலான நாடகத்தைச் சொல்கிறேன். ஏர் கன்னால் போல்ட்டை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, கடைசியில், வைத்த அளவு வந்ததும் சத்தம் போடும் டார்க் ரெஞ்ச்சை மாட்டி "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வைத்து, "பாத்தீங்களா சார், டார்க் பண்ணியாச்சு" என்பார்கள். போல்ட்டு ஏற்கெனவே 200-ல் நிற்கிறது. ரெஞ்ச்சை 60-க்கு வைத்தால் அது 60-லேயே டிக் என்று சொல்லிவிடும். போல்ட்டு அசையவே இல்லை. அந்த டிக், இறுக்கம் 60-க்குக் குறையவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. 60-ஐத் தாண்டவில்லை என்பதற்கு இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: டார்க் ரெஞ்ச்சை இழுக்கும்போது போல்ட்டு கொஞ்சமாவது திரும்பி, அப்புறம் டிக் வர வேண்டும். திரும்பாமல் வந்த டிக் செல்லாது. வந்த பிறகும் "எதுக்கும் இன்னொண்ணு" என்று இழுத்தால் அது கூடுதல் இறுக்கம்.

ரெஞ்ச்சின் யோக்கியதையும் முக்கியம். ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி வழக்கமான டிக் ரெஞ்ச்சின் பிழை 4 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்பாட்டுக்குப் பின் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். ஐந்து வருடமாக டூல் டிரேயில் கிடந்து, போல்ட்டு கழற்றவும் பயன்பட்டு, சில சமயம் சுத்தியலாகவும் உழைத்த ரெஞ்ச் சொல்லும் எண்ணை நம்ப முடியாது. பல ரெஞ்ச்சுகளில் நியூட்டன் மீட்டரும் ஃபுட் பவுண்டும் அடுத்தடுத்துப் பொறித்திருக்கும். 60 நியூட்டன் மீட்டர் போட வேண்டிய இடத்தில் 60 ஃபுட் பவுண்டு வைத்தால் 81 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்கு அதிகம். பழைய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர் இருக்கும். அதில் ஒன்று என்பது 9.8 நியூட்டன் மீட்டர்.

இன்னொரு பெரிய ஆபத்து ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்கு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி வண்டிகளில் பல மவுண்டிங் போல்ட்டுகளுக்கு மேனுவலில் வெறும் டார்க் எண் இருக்காது. 40 நியூட்டன் மீட்டர், அதன் மேல் 90 டிகிரி என்பது போல இருக்கும். முதலில் 40 வரை டார்க் ரெஞ்ச், அப்புறம் கால் சுற்று. இவற்றை மீள முடியாத நீட்சியின் விளிம்பு வரை வேண்டுமென்றே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எனவே ஒருமுறைதான். கழற்றினால் குப்பைக்கு, புதிது வாங்கித்தான் மாட்ட வேண்டும். "பழைய போல்ட்டு நல்லா கெட்டியாத்தான் இருக்கு" என்று திரும்பப் போட்டால், ஏற்கெனவே நீண்ட போல்ட்டை இன்னொரு கால் சுற்று நீட்டுகிறார்கள். புது போல்ட்டின் விலை கிளட்ச் பில்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதில் மிச்சம் பிடிப்பது யாருக்கு லாபம்?

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் குவியலாகக் கிடக்கும் மவுண்டிங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவு, பம்பர், கண்ணாடி வாங்கப் போங்கள், தப்பில்லை. மவுண்டிங் வேண்டாம். அதற்குள் இருக்கும் ரப்பர் ஓடினாலும் கெடும், சும்மா கிடந்தாலும் கெடும். கூட வரும் போல்ட்டு எந்த வண்டியில் எத்தனை முறை கழன்றது என்று யாருக்கும் தெரியாது.

முறுக்கும் வரிசைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லா மவுண்டிங் போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, இன்ஜின் தன் இடத்தில் தானாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக முழு அளவுக்கு வர வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு, மறுபக்கத்து ஓட்டை சேரவில்லை என்று கடப்பாரை போட்டு நெம்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையிலேயே பூட்டிவிடும். புது மவுண்டிங் மாட்டியும் உதறல் நிற்கவில்லை என்று அலைபவர்கள் பலரின் வண்டியில் கோளாறு இதுதான். ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவல்கள் இதற்கென்று தனி வரிசையே கொடுத்து, மாற்றி முறுக்கினால் சத்தமும் அதிர்வும் கூடும், ரப்பர் ஆயுள் குறையும் என்று எச்சரிக்கின்றன.

மவுண்டிங் விட்டுப்போனால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1960-களின் பிற்பாதியில் தயாரித்த செவர்லே வண்டிகளில் சுமார் 67 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. அங்கே குற்றவாளி போல்ட்டு இல்லை, ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்து வந்தது. விளைவு ஒன்றேதான்: பிடிப்பு விட்ட இன்ஜின், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு பக்கமாக எழும்பியது. எழும்பும்போது ஆக்ஸிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்த நிலையில் மாட்டிவிட்டது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் குழாயையும் பிடுங்கியது. வண்டி பாய்கிறது, பிரேக் கல்லாக இருக்கிறது. கம்பெனி செய்த பரிகாரம், இன்ஜின் எழும்பாமல் ஒரு இரும்புக் கேபிளைப் போட்டுக் கட்டியது. இன்றைய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் பெரும்பாலும் மின்சார ஒயரில் வேலை செய்கிறது, அந்த ஆபத்து அப்படியே வராது. ஆனால் இன்ஜின் தொங்கினால் ஆக்ஸில் ஜாயிண்ட், ரேடியேட்டர் ஹோஸ், சைலன்சர் குழாய், ஒயரிங் எல்லாம் இழுபடும். நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது ஆக்ஸில் உருவிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

வண்டி முன்கூட்டியே சொல்லும், காது கொடுத்தால். கிளட்சை விடும்போதும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் அடியில் "டொம்" என்று ஒரு இடி. ரிவர்ஸ் போட்டதும் ஒரு குலுக்கல். முதல் கியரில் கிளம்பும்போது கியர் லிவர் தானாக முன்னும் பின்னும் அசைவது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குவது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: போல்ட்டுத் தலையைச் சுற்றிச் செம்பழுப்பாகப் பொடி இருந்தால் அங்கே உலோகம் உலோகத்தோடு தேய்கிறது என்று அர்த்தம். வாஷர் இருந்த இடத்துக்கு வெளியே பளபளப்பான கீறல் தெரிந்தால் மவுண்டிங் நகர்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் மவுண்டிங்காக இருந்து கீழே ஈரக் கசிவு தெரிந்தால் அந்த மவுண்டிங் காலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டியில் ஊருக்குப் போகும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

"யூடியூப் பார்த்து நானே இறுக்கிக்கிறேன்" என்று கிளம்பும் தம்பிகளுக்கு: மவுண்டிங் போல்ட்டைக் கழற்றும் முன் இன்ஜினுக்குக் கீழே ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுக்காவிட்டால், கடைசி மரை விடும் நொடியில் இன்ஜின் இறங்கும். அந்த நேரத்தில் விரல் பிராக்கெட்டுக்கு இடையில் இருந்தால் விரல் போச்சு. ஜாக்கியை நேரடியாக ஆயில் சம்ப்பில் முட்டுக்கொடுத்தால் தகடு உள்ளே போகும். வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்கும் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். கழன்றிருக்கும் போல்ட்டைக் கண்டால் அப்படியே இறுக்கிவிட்டு வரவும் கூடாது. ஏன் கழன்றது என்று பார்க்க வேண்டும், மரையைப் பார்க்க வேண்டும், டிகிரிக் கணக்கு போல்ட்டு என்றால் மாற்றியே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் போட்ட எண்களில் ஒன்றைக்கூட உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை விளக்கத்துக்கு. ஒரே காரில் இடது மவுண்டிங்குக்கு ஒரு அளவு, டார்க் ராடுக்கு வேறு அளவு இருக்கும். உங்கள் மாடல், உங்கள் இன்ஜின், உங்கள் வருடத்து சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான் எண்.

அடுத்த முறை கிளட்சுக்கோ டைமிங் பெல்ட்டுக்கோ வண்டியை விடும்போது, வேலை தொடங்கும் முன்பே மூன்றைக் கேளுங்கள். மவுண்டிங் போல்ட்டுகளின் டார்க் அளவை மேனுவல் பார்த்து ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்ற வேண்டிய போல்ட்டு எதுவென்று கேட்டு, புது போல்ட்டைப் பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள். முறுக்கி முடித்ததும் போல்ட்டுத் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது அந்தக் கோடு உடைந்து விலகியிருந்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ரெக்கவரி வேனைக் கூப்பிடுங்கள். கேட்டதற்கு "அதெல்லாம் தேவையில்ல சார், கைல பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.